குடும்பமும் கூட்டமும்: குற்றக் குடியின் ஆக்கமும் கேடும் கூறும் இரு நூல்கள்

தோற்றுவாய்

ஒரு குடி தோன்றி, ஓங்கி, பின் வீழ்ந்த வரலாறு உலக இலக்கியங்கள் பலவற்றிற்கும் பொதுவான பொருளாகும். முடியுடை வேந்தர் குடிகளின் ஆக்கமும் கேடும் பழங்காப்பியங்களுக்குக் கருவாயின. முடியாட்சி மங்கிய இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தை வணிகர் குடும்பங்கள் ஒருபாற் கொண்டன. சட்டத்திற்குப் புறம்பாக வாழ்ந்த குற்றக் குடும்பங்கள் மற்றொருபாற் கொண்டன. அவற்றுள் அமெரிக்க நாட்டு நியூயார்க்கு நகரில் வாழ்ந்த சிசிலித் தீவினர் குடும்பங்களைப் பற்றி எழுந்த நூல்கள் மிகப் பலவாம். அவற்றுள்ளும் இரண்டு நூல்கள் ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொள்ளப்பெறுகின்றன. ஒன்று, மாரியோ பூசோ 1969-இல் வெளியிட்ட ‘தி காட்பாதர்’ என்னும் புதினம். மற்றொன்று, கே டலீஸ் 1971-இல் வெளியிட்ட ‘ஆனர் தை பாதர்’ என்னும் உண்மை வரலாறு. முன்னது கற்பனை; பின்னது நேரிற் கண்டு எழுதியது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தன, ஒரே பொருளன, ஆசிரியர் இருவரும் இத்தாலியிலிருந்து குடியேறியோர் வழி வந்தவர். ஆயினும், முன்னதைக் கற்று முடித்தவன் அக்குடியின் வெற்றியில் மகிழ்கின்றான். பின்னதைக் கற்று முடித்தவன் அக்குடிக்காக இரங்குகின்றான். இவ்வேறுபாடு யாண்டிருந்து பிறந்தது என்பதே நம் வினா.

இருவகைத் திறனாய்வுகள்

பூசோவின் புதினத்தைப் பற்றித் திறனாய்வாளர் கூறியவற்றை இருவகையுள் அடக்கலாம். கொலைஞரைப் பெருமைப்படுத்தும் நூல் இது என்பது ஒரு சாரார் கருத்து. பெருஞ்செல்வம் யாவும் குற்றத்தின்மேல் எழுந்ததே என்னும் கருத்துப்பட அமைந்த பால்சாக்கின் தொடர் ஒன்றை நூன்முகத்தில் வைத்திருத்தலின், அமெரிக்க முதலாளி முறையைப் பழிக்க எழுந்த உருவகமே இது என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரண்டும் முற்றும் தவறல்ல. ஆனால் இரண்டும் நூலின் புறத்தே நிற்பன. முன்னவர் நூலின் விளைவைக் கூறினர். பின்னவர் நூலின் நோக்கத்தைக் கூறினர். நூல் எங்ஙனம் இயங்குகின்றது என்பதை இருவரும் கூறினாரல்லர்.

தண்டியலங்காரம் பாவிகம் என்றொன்றைக் கூறும். அது தனித்தனிச் செய்யுளில் காணப்படுவதன்று. தொடர்நிலை முழுவதையும் ஊடுருவி நிற்கும் பண்பு. அப்பண்பை நாடுவோமாயின், இவ்விரு நூல்களிலும் அது ‘குடும்பம்’ என்னும் ஒரு சொல்லைச் சுற்றியே நிற்றல் புலனாகும்.

ஒரு சொல், இரு பொருள்

1931-ஆம் ஆண்டு நியூயார்க்குக் குற்றக் கூட்டங்கள் தம்முள் நிகழ்ந்த போர் முடிந்தபின் ஐந்தாக வகுக்கப்பெற்றன. அவை ஒவ்வொன்றும் ‘குடும்பம்’ என்றே வழங்கப்பெற்றது. அப்பெயர் குருதி உறவைக் குறித்ததன்று. உறுதிமொழி கூறிச் சேர்ந்தவர் அனைவரும் அக்குடும்பத்தினரே. ஒரு தாய் வயிற்றுப் பிறந்தவரேனும் சேராதவர் அதற்குப் புறத்தவரே. எனவே அது கூட்டம், குடும்பம் அன்று. ஆயினும் கூட்டம் தனக்குக் குடும்பத்தின் பெயரைப் பூண்டது ஏன்? குடும்பத்திற்குரிய நம்பிக்கையும், தந்தைக்குரிய கீழ்ப்படிதலும், வீட்டுச் செய்தி வெளியே போகாதிருத்தலும் தனக்கும் வேண்டியிருந்தமையான் என்க. கூலி கொடுத்துப் பெறமுடியாதவற்றை உறவுப் பெயர் இட்டுப் பெற்றது அது.

பூசோவின் திறனும் குறையும் இவ்விடத்தே தொடங்குகின்றன. அவர் படைத்த கார்லியோன் குடியில் இவ்விரு பொருளும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடுகின்றன. தலைவன் விட்டோ ஈன்ற தந்தையும் ஆவான். கூட்டத் தலைவனும் ஆவான். அவன் மக்கள் சான்னி, பிரெடோ, மைக்கேல் என்போர் மக்களும் ஆவர்; வாரிசுகளும் ஆவர். எடுத்து வளர்த்த டாம் ஹேகன் வளர்ப்பு மகனும் அமைச்சனும் ஆவான். ஆகவே, கூட்டத்தின் செயலை வெறுக்க முற்படும் கற்போன் குடும்பத்தின் அன்பைக் கண்டு நின்றுவிடுகின்றான்.

1972-இல் இப்புதினம் திரைப்படமாயிற்று. அதற்குமுன், கூட்டத்தின் வழக்கப்பெயரான ‘மாபியா’ என்னும் சொல் படத்தில் இடம்பெறலாகாது என்று இத்தாலிய அமெரிக்கர் உரிமைக் கழகம் ஒன்று வற்புறுத்தியது. படம் எடுத்தோரும் உடன்பட்டனர். அக்கழகத்தை நடத்திய ஜோசப் கொலம்போ, ஐந்து கூட்டங்களுள் ஒன்றன் தலைவர் என்பது வியத்தற்குரியது. அச்சொல் நீங்கிய இடத்தைக் ‘குடும்பம்’ என்னும் சொல்லே நிரப்பியது. தம்மைக் காக்கும் சொல் எது, காட்டிக் கொடுக்கும் சொல் எது என்பதைத் திறனாய்வாளரினும் அக்கூட்டத்தினர் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

பூசோவின் கட்டமைப்பு

‘தி காட்பாதர்’ நீதிமன்றக் காட்சியொன்றில் தொடங்குகின்றது. மகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு நீதி கிடைக்காத தந்தை ஒருவன், அரசு மறுத்ததைத் தலைவனிடம் வேண்டச் செல்கின்றான். அன்று தலைவன் மகளின் திருமணநாள். முதல் அதிகாரத்திலேயே தலைவனை நாம் காண்பது மணப்பந்தரில். அவன் செய்வது கொடை. வேண்டி வந்தோர் ஒவ்வொருவர்க்கும் உதவுகின்றான். அவன் வாழ்வு எதனால் நடைபெறுகின்றது, எவரிடமிருந்து பொருள் வருகின்றது என்பன அக்காட்சியில் இல்லை.

தலைவனின் இளமை வரலாறும், அவன் செய்த முதற்கொலையும் நூலின் மூன்றாம் பகுதியில்தான் கூறப்பெறுகின்றன. அதற்குள் அவன் பகைவரால் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்துவிட்டான். அவன் உயிர் பிழைக்கவேண்டுமே என்று நாம் ஏங்கிவிட்டோம். அவ்வேக்கத்தின் பின்னரே அவன் கொலை செய்த வரலாறு வருகின்றது. கொல்லப்படும் பனூச்சியும் ஏழைகளை அச்சுறுத்திப் பொருள் பறிப்பவன். காரணத்தைப் பின்னும் விளைவை முன்னும் வைத்த இம்முறை வைப்பால், நாம் தீர்ப்புக் கூறும் உரிமையை இழந்துவிடுகின்றோம். இது நூலாசிரியரின் மிகச் சிறந்த உத்தி. கற்போன் மிகவும் விழித்திருக்கவேண்டிய இடமும் இதுவே.

தாம் உண்மையான குற்றவாளி எவரையும் அறிந்திலர் என்றும், நூல்களை ஆராய்ந்தே இதனை எழுதியதாகவும் பூசோ பின்னர்க் கூறினார். தலைவன் வாய்திறக்கும்போதெல்லாம் தம் செவியில் ஒலித்தது தம் தாயின் குரலே என்றும் அவர் எழுதியுள்ளார். வறுமையில் பல மக்களை வளர்த்த ஒரு தாயை முதன்மையாகக் கொண்டு 1965-இல் அவர் எழுதிய ‘தி பார்ச்சுனேட் பில்கிரிம்’ என்னும் புதினம் புகழ் பெற்றது, பொருள் ஈட்டவில்லை. அத்தாயின் உறுதியும் சூழ்ச்சித் திறனும் மக்கள்மீதுள்ள பற்றும் நான்கு ஆண்டுகளுக்குப்பின் குற்றத் தலைவனுக்கு உரியவாயின. விட்டோ கார்லியோனை நாம் விரும்புவதன் மறைபொருள் இதுவே. நாம் விரும்புவது ஒரு தாயை. அவள் கையில் ஆசிரியர் துப்பாக்கியைத் தந்துள்ளார்.

டலீஸ் கண்ட குடி

‘ஆனர் தை பாதர்’ முற்றிலும் வேறுவகையில் தொடங்குகின்றது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மழை பெய்யும் இரவில், நியூயார்க்குப் பார்க் அவென்யூவில் ஜோசப் பொனானோ என்னும் தலைவர் மறைந்துபோகின்றார். பூசோவின் நூல் நீதி தேடும் தந்தையோடு தொடங்க, டலீசின் நூல் தந்தையைத் தேடும் மகனோடு தொடங்குகின்றது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. முன்னதில் தந்தை எங்கும் நிறைந்தவன். பின்னதில் தந்தை இல்லாமையே கதை.

ஜோசப் பொனானோ 1905-இல் சிசிலியின் காஸ்டெல்லம்மாரே என்னும் கடற்கரையூரிற் பிறந்தவர். 1931-இல் இருபத்தாறு வயதளவில் கூட்டத் தலைவரானவர். 1956-இல் அவர் மகன் சால்வடோர், மற்றொரு கூட்டத் தலைவரான ஜோசப் புரோபாச்சியின் உடன்பிறந்தார் வழி மகளாய் நின்ற ரோசலி என்பாளை மணந்தான். இரு கூட்டங்களை இணைத்த அத்திருமணமே அக்குடியின் ஓங்கிய நிலை எனலாம். பின்னர்த் தந்தை, மகனைக் கூட்டத்தின் அமைச்சன் நிலைக்கு உயர்த்த முற்பட்டார். வீழ்ச்சி அங்கேயே தொடங்கிற்று.

மகனின் உயர்வைப் பொறாது பிரிந்து நின்றவர் கேஸ்பர் டிகிரிகோரியோ. அவர் யார்? தந்தையின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராய் நின்றவர். மகனுக்குத் திருமுழுக்கில் ஞானத்தகப்பனாய் நின்றவர். நம் நாட்டுக் கத்தோலிக்கர் ‘ஞானத்தகப்பன்’ என்று வழங்கும் அவ்வுறவையே பூசோ தம் நூலுக்குப் பெயராக்கினார். அவர் நூலில் ஞானத்தகப்பன் காப்பவன். வரலாற்றில் ஞானத்தகப்பன் பகைவனானான். 1966 சனவரியில் சமாதானம் பேச வருமாறு அழைக்கப்பெற்றுப் புரூக்ளினில் டிரவுட்மன் தெருவிற்குச் சென்ற மகனை வரவேற்றவை துப்பாக்கிக் குண்டுகள். அவன் உயிர் தப்பினான். மறைந்திருந்த தந்தை அவ்வாண்டு மே மாதம் நீதிமன்றத்தில் தோன்றினார். கூட்டம் இரு பிளவாகிப் போரிட்டது. 1968-இல் தந்தை நெஞ்சுநோயுற்று அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் ஒதுங்கினார்.

மைக்கேல் கார்லியோனும் சால்வடோர் பொனானோவும் ஒப்பிடத்தக்கவர். இருவரும் கல்லூரியிற் கற்றவர்; இருவரும் தந்தை நோயுற்ற காலத்தில் கூட்டத்தைத் தாங்கியவர். ஆனால் மைக்கேல் ஒரே நாளில் பகைவர் அனைவரையும் ஒழிக்கின்றான். சால்வடோரோ பகைவரைக் காண்பதே இல்லை. வாடகை அறைகளில் காத்திருக்கின்றான். பொதுத் தொலைபேசிகளில் காசு இட்டுக் காத்திருக்கின்றான். ஓயாது வண்டி ஓட்டுகின்றான். தொலைக்காட்சியில் தன் கூட்டத்தைப் பற்றிய செய்தியைத் தானே கேட்கின்றான். வீட்டுச் செலவிற்குத் திணறுகின்றான். இறுதியில் அவனைச் சிறைக்கு அனுப்பியது கொலைக் குற்றமன்று. பிறன் பெயரிலிருந்த கடன் அட்டையைப் பயன்படுத்திய குற்றம். நான்கு ஆண்டுத் தண்டனை பெற்று 1971-இல் அவன் சிறை புகுவதோடு நூல் நிறைவுறுகின்றது. பூசோவின் வீழ்ச்சியில்லாக் குடிக்கும், டலீசின் குடிக்கும் உள்ள தொலைவு அவ்வட்டையின் அளவே. பெருமிதம் ஒழிந்த வீழ்ச்சி அது, ஆதலின் உண்மையானது.

டலீசின் நூலும் குறையற்றதன்று. அவர் 1965 முதல் பல ஆண்டுகள் அக்குடும்பத்தோடு பழகினார். அவர்கள் இல்லத்தில் உண்டார். நூலால் வந்த பொருளின் ஒரு பகுதியைச் சால்வடோரின் நான்கு மக்களின் கல்விக்கென அறக்கட்டளையாக்கினார். இஃது அன்புடைய செயலே. ஆயினும் குடும்பத்தினுள் சென்றவர் குடும்பத்தின் கண்கொண்டே காணத் தொடங்கினார் என்பதை மறுத்தல் இயலாது. அக்கூட்டத்திற்கு வட்டி கட்டியவர், மிரட்டலுக்கு அஞ்சிக் கடை நடத்தியவர், சூதிற் பொருளிழந்தவர் ஆகியோர் குரல் அந்நூலில் மிக அரிதாகவே கேட்கின்றது. பூசோவிடம் அஃது அறவே கேட்பதில்லை. இவ்வொன்றில் இரு நூல்களும் ஒத்தன.

உறவும் வணிகமும்

இக்கூட்டத்தினர் கொலையை ‘வணிகம்’ என்பர். அதில் தனிப்பகை இல்லை என்பர். திரைப்படத்தில் மைக்கேலும் தன் முதற்கொலைக்குமுன் அவ்வாறே கூறுகின்றான். புதினத்தில் அவன் கூறுவது இதற்கு நேர்மாறு: வணிகம் எனப்படுவது முழுவதும் தனிப்பகையே, அதனைத் தான் தந்தையிடமே கற்றதாக அவன் ஹேகனுக்கு உரைக்கின்றான். திரையில் மறைந்த இவ்வுரை புதினத்தின் திறவுகோல் எனலாம். உறவை வணிகமாக்கியவன், வணிகத்தையும் உறவாக்கித் தீரவேண்டும். அதன்பின் மைத்துனன் கார்லோவைக் கொல்வதும், தந்தையின் நெடுநாள் தோழன் டெசியோவைக் கொல்வதும் தவிர்க்க இயலாதவை ஆகின்றன. குடும்பத்தைக் காக்கவே குடும்பத்தினர் கொல்லப்படுகின்றனர்.

பூசோ இம்முரணைத் தொட்டார். ஆனால் அதன் விளைவை எழுதாது நிறுத்தினார். புதினத்தின் இறுதியில் மைக்கேல் வெற்றி பெறுகின்றான். அவன் மனைவி கே, கோயிலிற் சென்று அவன் ஆன்மாவிற்காக வேண்டுகின்றாள். ஆக்கம் முழுமையாகக் கூறப்பெற்றது; கேடு ஒரு வேண்டுதலளவில் நின்றுவிட்டது. 1974-இல் வெளிவந்த திரைப்படத்தின் இரண்டாம் பகுதியே அக்குறையை நிறைத்தது. அதன்கண் மைக்கேல் உடன்பிறந்த பிரெடோவையும் கொல்விக்கின்றான், கூட்டம் எஞ்சுகின்றது, குடும்பம் இல்லை. தனித்து அமர்ந்திருக்கும் அவன் உருவத்தோடு படம் முடிகின்றது. புதினம் மறைத்த பாவிகத்தை அப்பகுதி வெளிப்படுத்திற்று என்பது எம் கருத்து.

உள்ளிருந்து எழும் குரல்

தமிழ்க் காப்பியம் கற்றார்க்கு இவ்விடத்தே ஒரு வினா எழும். அறம் பிறழ்ந்த குடியின் வீழ்ச்சியைக் கம்பரும் பாடினார். இலங்கையில் இராவணன் குடியும் ஆற்றலும் அன்பும் மிக்கதே. ஆனால் அக்குடியினுள்ளேயே அறத்தின் குரல் எழுகின்றது. வீடணன் அறத்தைக் கூறிப் பிரிகின்றான். கும்பகருணன் அறத்தைக் கூறியும் பிரியாது நின்று மாள்கின்றான். உறவா அறமா என்னும் போராட்டம் உடன்பிறந்தார் இருவர் உள்ளத்தே நிகழ்கின்றது. அதனால் அக்குடியை நாம் நேசிக்கவும் முடிகின்றது. அதன் வீழ்ச்சியை ஒப்பவும் முடிகின்றது. கார்லியோன் குடியில் வீடணனும் இல்லை; கும்பகருணனும் இல்லை. ஆண்மக்களுள் எவரும் ‘இது தகாது’ என்று ஒரு சொல் கூறுவதில்லை. அமைச்சனாகிய ஹேகனின் அறிவுரையும் ‘இது பயன் தாராது’ என்பதளவே. பெண்களின் குரலோ கோயிலளவில் அடங்கிவிடுகின்றது.

‘தி காட்பாதர்’ தமிழகத்திலும் தாக்கம் விளைத்ததை நாம் அறிவோம். 1987-இல் மணிரத்தினம் இயக்கிய ‘நாயகன்’ என்னும் படம், பம்பாயில் வாழ்ந்த வரதராச முதலியாரின் வாழ்வையும் அமெரிக்கப் படத்தின் சாயலையும் தழுவியது என்பர். அதில் தமையன் மாண்டபின் மகள் தந்தையை எதிர்த்து வினவுகின்றாள், வீட்டைவிட்டு நீங்குகின்றாள். மூலத்தில் இல்லாத இவ்வெதிர்க்குரல் தமிழ்ப் படத்தில் இடம்பெற்றது கருதத்தக்கது. குடியினுள்ளிருந்தே அறம் பேசவேண்டும் என்னும் நம் மரபின் எதிர்பார்ப்பு அங்குச் செயற்பட்டிருத்தல் கூடும்.

வரலாறு எழுதிய முடிவு

இரு நூல்களும் எழுதப்பெற்றபின் அக்கூட்டங்களின் வரலாறு நின்றுவிடவில்லை. 1970-இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டம் ஒன்று, தனிக் குற்றத்தையன்றிக் குற்ற அமைப்பையே வழக்கில் நிறுத்த வழி செய்தது. 1983-இல் ஜோசப் பொனானோ தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார். கூட்டத் தலைவர் குழுவைப் பற்றி அவர் பெருமிதத்தோடு எழுதியவை அக்குழுவின்மேல் வழக்குத் தொடுப்பார்க்குத் துணையாயின. 1985-இல் சான்று கூறுமாறு அழைத்தபோது, எண்பது வயதில், அவர் மறுத்துச் சிறை சென்றார். நீதிமன்றத்தில் உரைக்க மறுத்ததை அவர் அச்சில் முன்னரே உரைத்துவிட்டார். குடிப்பெருமை பேசும் ஆவல் வாய்மூடும் ஆணையினும் வலிதாயிற்று. அக்குழுவைச் சார்ந்தோர் 1986-இல் தண்டனைக்கு உரியர் எனத் தீர்ப்பாயிற்று.

இறுதி அடி அதனினும் நுட்பமானது. பொனானோவின் பெயரையே தாங்கி நின்ற அக்கூட்டத்தின் பிற்காலத் தலைவர் ஜோசப் மசினோ, 2004-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பெற்றார். அவருக்கு எதிராகச் சான்று கூறியவர் சால்வடோர் விட்டாலே, மசினோவின் துணைத்தலைவர், அவர் மனைவியின் உடன்பிறந்தார். அதன்பின் மசினோவும் அரசின் சான்றாளரானார். நியூயார்க்குக் கூட்டத் தலைவருள் அவ்வாறு ஆனவர் அவரே முதல்வர். மகனை உயர்த்தியதால் பிளந்த கூட்டம், மைத்துனன் வாய்மொழியால் வீழ்ந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது இது. குற்றக் கூட்டம் குடும்பத்தின் பெயரைப் பூணும்போது, குடும்பத்தின் வலிமையோடு அதன் காழ்ப்பையும் மனத்தாங்கலையும் சேர்த்தே பெறுகின்றது. அதன் ஆக்கத்திற்கு எது காரணமோ அதுவே அதன் கேட்டிற்கும் காரணமாகின்றது. பூசோ அப்பெயரின் இனிமையை எழுதினார். அதனால் உலகு முழுதும் கற்கப்பெற்றார். டலீஸ் அப்பெயரின் களைப்பை எழுதினார். அதனால் உண்மைக்கு அணிமையில் நின்றார். கலைத்திறம் நோக்கின் முன்னது மேம்படும். பொருள் நோக்கின் பின்னது மேம்படும்.

ஆயினும், அக்குடும்பங்களின் வாயிலுக்கு வெளியே நின்று பொருளும் உயிரும் இழந்தோரின் வரலாற்றை இவ்விருவரும் பாடினாரல்லர். பனூச்சியிடம் பறிகொடுத்த ஏழைகளைப் பூசோ ஒருமுறை காட்டினார். விட்டோ தலைவனானபின் அவனிடம் பறிகொடுத்தோரைக் காட்டாது விட்டார். அவ்விடுபாட்டைக் காணும் கண் உடையார்க்கே இந்நூலைக் கற்றலால் பயனுண்டு. காணாதார்க்கு அது மணப்பந்தரில் உண்ட விருந்தளவே.